முதுகுக்குப் பின்னால் மாட்டிய பெல்ட்டு

"என்னடா இது, கிளம்பறப்பவே இப்படிக் கத்துது?"

"பெல்ட்டு போடலைன்னா கத்தும்மா. முன்னாடி உக்காந்திருக்கறவங்க போட்டாத்தான் நிக்கும்."

அன்பழகன் வண்டி வாங்கி மூணு வாரம்தான் ஆகிறது. பெரம்பலூர் துறைமங்கலத்தில் அவன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. முன் சீட்டில் அவன் பெண்டாட்டி சிவரஞ்சனி. ஏழு மாசம். கன்னத்தில் சந்தனம் இன்னும் காயவில்லை. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு, விக்கிரமங்கலத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். புதன்கிழமை; பன்னெண்டுக்கு ராகு காலம் பிறக்கும். அதற்குள் அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டிவிட வேண்டும். மணி பத்து ஐம்பது.

"நான் போட்டுக்கறேன் அத்தை" என்று சிவரஞ்சனி தோளுக்கு மேலே கையைக் கொண்டுபோனாள்.

மாமியார் செல்வம்மாள் ஜன்னல் வழியாகவே அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். "நீ சும்மா இரு. புள்ளத்தாச்சி மேல கயித்தைக் கட்டுவாங்களா? புள்ளைக்குக் கழுத்துல கொடி சுத்திக்கும்."

"வயித்து மேல போட மாட்டேன் அத்தை. கீழ்ப் பட்டையை வயித்துக்கு அடியில, இடுப்பெலும்புல படுற மாதிரி விடணும். மேல் பட்டை நெஞ்சுக்கு நடுவுல வந்து வயித்துக்கு ஓரமா இறங்கும். டாக்டரம்மாவே சொன்னாங்க."

"டாக்டரம்மா எத்தனை பெத்தாளாம்?"

வாசலில் நின்ற சனமெல்லாம் சிரித்தது. சிவரஞ்சனியின் அம்மா சிந்தாமணி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தபடி, "அத்தை சொன்னா கேளேன்டி. ஒரு மணி நேரந்தானே?" என்றாள். மகள் பிறந்த வீட்டுக்கு வருகிற நாளில் சம்பந்தியோடு வம்பு வேண்டாம் என்பது அவள் கணக்கு.

வண்டி கத்திக்கொண்டே இருந்தது.

"இரும்மா, இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றான் அன்பழகன். பெல்ட்டை இழுத்து, பெண்டாட்டியின் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே விட்டு, இந்தப் பக்கம் கொண்டுவந்து மாட்டினான். டக். சத்தம் நின்றது. "பார்த்தியா? வாயை மூடிக்கிச்சு."

"வண்டியை ஏமாத்திட்டீங்க மாமா."

"அட, ஆறு ஏர்பேக் இருக்குடி. ஷோரூம்ல தொட்டுத் தொட்டுக் காட்டினான். முன்னாடி ரெண்டு, பக்கத்துல ரெண்டு, மேல திரை மாதிரி ரெண்டு. மெத்தைக்குள்ள உக்காந்திருக்கே நீ."

"அது பெல்ட்டு போட்டவங்களுக்கு மாமா. போடாதவங்களுக்கு…"

"போடாதவங்களுக்கு? என்ன போடாதவங்களுக்கு?" செல்வம்மாளின் முகம் மாறிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா வாயில என்ன வருது பாரு! இன்னிக்கு நீ வாயைத் தொறந்தா நல்ல வார்த்தைதான் வரணும். ஆமா."

சிவரஞ்சனி மீதியை விழுங்கிக்கொண்டாள். செல்வம்மாள் ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். இரண்டு தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு சீப்புப் பழம். "வீடு போய்ச் சேர்ற வரைக்கும் மடி வெறுமையா இருக்கக் கூடாது. பிடிச்சுக்க." பிறகு தானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

பெரம்பலூரில் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவரிடம் ஐந்து வருஷமாக ரிப்போர்ட் டைப் அடிக்கிறவள் சிவரஞ்சனி. அடிபட்ட வண்டிகளின் போட்டோக்கள்தான் அவளுக்குத் தினம் தினம். முன் கண்ணாடியில் வெளியிலிருந்து கல் பட்ட விரிசல் எது, உள்ளேயிருந்து தலை பட்ட விரிசல் எது என்று பார்த்தவுடன் சொல்லுவாள். தலை பட்டது வெளிப்பக்கமாகப் புடைத்து, சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாக இருக்கும். 'உட்புறத் தாக்கம்' என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். அந்த வட்டம் முக்கால்வாசி இடது பக்கத்தில்தான் இருக்கும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு. அவள் இப்போது உட்கார்ந்திருக்கிற சீட்டு.

வண்டி ஊரைத் தாண்டியது.

"மாமா, சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளிக்கவா? காலு மடக்க முடியல."

"தள்ளிக்க, தள்ளிக்க."

முடிந்தவரை தள்ளிக்கொண்டாள். கண்ணாடி அரை முழம் விலகியது. அவ்வளவுதான் அவளால் ஆனது.

பின்னால் சம்பந்திகள் விசேஷத்தை அலசிக்கொண்டிருந்தார்கள்.

"புளிசாதத்துல உப்பு கூடிப்போச்சு அண்ணி, நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க" என்றாள் சிந்தாமணி.

"நான் எங்க நினைச்சேன்? எங்க ஓரகத்திதான் நாலு தடவை தண்ணி வாங்கிக் குடிச்சா. ஊருக்கே தெரியற மாதிரி."

"உங்க ஓரகத்தி என்ன, நாலு தடவை சாதமும்தான் வாங்கினாங்க."

"அது சரி! வாய் உங்களுக்கும் இருக்கு!"

அன்பழகன் சிரித்தான். ஸ்பீடோமீட்டர் முள் எழுபதைத் தொட்டு எழுபத்தைந்துக்குப் போனது. எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்று கடக்கும்போதும் வெள்ளைத் தூசி எழும்பி ரோட்டை மறைத்தது. தூசி விலகுவதற்குள் அடுத்தது.

"கொஞ்சம் மெதுவாப் போங்க மாமா."

"பன்னெண்டுக்குள்ள போகணுமே."

"பன்னெண்டே கால் ஆனா என்ன?"

"ராகு காலத்துல வீட்டுக்குள்ள நுழையுறதா?" பின்னாலிருந்து இரண்டு குரலும் சேர்ந்தே வந்தன.

சிவரஞ்சனி இடது கையால் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டாள். வலது கையை மெதுவாக, வளையல் சத்தம் கேட்காமல், சீட்டுக்குப் பக்கத்தில் இறக்கினாள். பட்டனை அழுத்திக் கழற்றி, முதுகுக்குப் பின்னால் இருப்பதை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டால் போதும். யாரும் பார்க்க மாட்டார்கள். அழுத்தினாள்.

வண்டி மறுபடி கத்தத் தொடங்கியது.

"என்னடா அது திரும்பவும்?"

"கழண்டுக்கிச்சு போலம்மா. ஏய், மாட்டுடி."

"நான் முன்னாடி போட்டுக்கறேன் மாமா. வயித்துக்கு அடியில…"

"சொன்னா கேக்கவே மாட்டியா நீ?" செல்வம்மாளின் குரல் உடைந்தது. அது கோபம் மாதிரி கேட்கவில்லை. "உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன் தாயி. கொடி சுத்தினா என்னாகும்னு உனக்குத் தெரியாது."

அந்தக் குரலுக்கு எதிரே பேச அவளுக்கு மனசு வரவில்லை. மாட்டினாள். டக். அமைதி. தான் கண்ட போட்டோக்களை இந்த அம்மா கண்டதில்லை. இந்த அம்மா கண்ட எதையோ தான் கண்டதில்லை என்று நினைத்துக்கொண்டாள். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு புரளல் புரண்டது.

அரியலூருக்கு ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். ரோடு இடது பக்கம் வளைந்தது. எதிரே ஒரு டிப்பர் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. தூசிக்குள்ளேயே வண்டி நுழைந்தது. வெளியே வந்தபோது, நேர் முன்னால், ரோட்டின் மேலேயே, இன்னொரு டிப்பர் நின்றிருந்தது. ஓடவில்லை. நின்றிருந்தது. டயர் வெடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன் பின்னால் நாலே எட்டுத் தூரத்தில் ஒரு வேப்பங்கொத்தைக் கல்லுக்கு அடியில் செருகி அடையாளம் வைத்திருந்தார்கள்.

"மாமா!"

அன்பழகன் மிதித்தான். சக்கரம் கிறீச்சிட்டது. உடனே அவன் காலுக்கு அடியில் பெடல் தடதடவென்று உதைத்தது. ஏதோ உள்ளே உடைந்து நொறுங்குகிற மாதிரி.

"ஐயோ, பிரேக்கு!" என்று அவன் காலை எடுத்தான்.

சிவரஞ்சனிக்கு அது தெரியும். சக்கரம் வழுக்காமல் இருக்கப் புது வண்டிகளில் பிரேக்கே விட்டு விட்டுப் பிடிக்கும்; பெடல் அப்படித்தான் உதைக்கும். எத்தனை வாக்குமூலங்களில் அடித்திருக்கிறாள்: பெடல் ஆடியது, பயந்து விட்டுவிட்டேன்.

"எடுக்காதீங்க! மிதிங்க! அது அப்படித்தான் அடிக்கும்! மிதிச்சுக்கிட்டே வலது பக்கம் ஒடிங்க!"

மிதித்தான். ஒடித்தான். பெடல் காலடியில் அடித்துக்கொண்டே இருக்க, சக்கரம் வழுக்காமல் திரும்பியது. டிப்பரின் பின் மூலை இடது ஜன்னலை உரசுகிற மாதிரி கடந்து போனது. அது கடந்துபோனதை சிவரஞ்சனி பார்க்கவில்லை. அவள் சீட்டை விட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பிடித்து நிறுத்த நெஞ்சுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் முன்னால் ஊன்றினாள். வளையல்கள் நொறுங்கின. தாம்பாளத்தின் விளிம்பு டேஷ்போர்டில் முட்டி, மறு விளிம்பு வயிற்றில் அமுங்கியது.

வண்டி ரோட்டின் வலது ஓரத்தில், மண்ணில் நின்றது.

தேங்காய் ஒன்று காலடியில் உருண்டுகொண்டிருந்தது.

"ஐயோ, வளையல்! வளையல் உடைஞ்சுபோச்சே!" என்று முதலில் கத்தியவள் சிந்தாமணி. "கையெல்லாம் ரத்தம்! அண்ணி, பாருங்க!"

செல்வம்மாளின் உதடு முன் சீட்டில் மோதிக் கிழிந்திருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை. "தாயி, தாயி" என்று மருமகளின் தோளை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள்.

"இடிக்கலல்ல? நாம இடிக்கலல்ல?" அன்பழகனின் கை இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை. "ரஞ்சனி, ஒண்ணும் இல்லல்ல?"

சிவரஞ்சனி தாம்பாளத்தை விலக்கிவிட்டு வயிற்றில் கையை வைத்தாள். ரத்தம் பட்டுப்புடவையில் ஒட்டியது. கண்ணை மூடிக் காத்திருந்தாள். ஒரு நிமிஷம். இன்னொரு நிமிஷம்.

"அசையல" என்றாள்.

"என்னது?"

"இப்பத்தான் மாமா புரண்டுச்சு. வளைவுக்கு முன்னாடி. இப்ப அசையல."

அதன் பிறகு யாரும் வேகமாகப் போ என்று சொல்லவில்லை, மெதுவாகப் போ என்றும் சொல்லவில்லை. சிவரஞ்சனி யாரையும் கேட்காமல் பெல்ட்டைக் கழற்றினாள். வண்டி கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டு, முன்னால் இழுத்து, கீழ்ப் பட்டையை வயிற்றுக்கு அடியில் விட்டு மாட்டிக்கொண்டாள். செல்வம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரி. நர்ஸ் பெயர் கண்ணகி. சட்டையில் பெயர் வில்லை குத்தியிருந்தாள். உள்ளங்கையிலிருந்து கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்:

"எத்தனை வாரம்?"

"முப்பது."

"பெல்ட்டு போட்டிருந்தீங்களா?"

அன்பழகன் முந்திக்கொண்டான். "மாட்டியிருந்துச்சு சிஸ்டர்."

"மாட்டியிருந்துச்சுன்னா?"

"முதுகுக்குப் பின்னால" என்றாள் சிவரஞ்சனி.

கண்ணகி நிமிர்ந்து மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்தாள். கரகரவென்று சத்தம். இடது பக்கம் நகர்த்தினாள். கரகர. கீழே. கரகர. மறுபடி மேலே.

"ஏன் சிஸ்டர், கேக்கலியா?" என்றாள் சிந்தாமணி.

"பேசாம இருங்கம்மா."

சிந்தாமணி சிறுவாச்சூர்க் காளியைக் கூப்பிட்டுக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டாள். செல்வம்மாள் யாரையும் கூப்பிடவில்லை. கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவரஞ்சனி மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தாள். அதன் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

கரகரப்புக்குள்ளிருந்து குதிரை ஓடுகிற மாதிரி ஒன்று வந்தது. போனது. கண்ணகி கருவியைச் சாய்த்தாள். மறுபடி வந்தது. நின்றது.

"இருக்கு" என்றாள் கண்ணகி. "நல்லா இருக்கு. ஆனா அடிபட்ட வயிறு, உடனே விட முடியாது. நாலு மணி நேரம் மெஷின்ல வச்சுப் பார்க்கணும். ஸ்கேனும் பார்த்துடலாம்."

ராகு காலம் வந்து போனதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "எல்லாம் சரியா இருக்கு. பிள்ளை கழுத்துல கொடி ஒரு சுத்து இருக்கு. அது ஒண்ணும்…" என்று சொல்லி முடிப்பதற்குள் செல்வம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சுத்திக்கிச்சா?"

"பயப்படாதீங்கம்மா. நாலு பிள்ளையில ஒண்ணுக்கு அப்படி இருக்கும். தானா சுத்திக்கும், தானா அவுத்துக்கும்."

"இவ பெல்ட்டே போடலியேம்மா! நான் போட விடலியே! அப்புறம் எப்படிச் சுத்துச்சு?"

"பெல்ட்டுக்கும் கொடிக்கும் என்னம்மா சம்பந்தம்? அது உள்ள நீந்துற பிள்ளை. புரளும்போது சுத்திக்குது. வெளியில என்ன கட்டினாலும் அங்க போகாது."

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். செல்வம்மாள் தரையிலேயே இருந்தாள். அப்புறம் மருமகளைப் பார்க்காமல் சொன்னாள்:

"இவனுக்கு முன்னாடி ஒண்ணு பிறந்துச்சு எனக்கு. பொண்ணு. எட்டாம் மாசம், மாடு அறுத்துக்கிட்டு ஓடுச்சு. கயித்தை இடுப்புல சுத்திப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். பொறக்கறப்ப கழுத்துல ரெண்டு சுத்து. மூச்சு இல்ல. 'கயித்தைக் கட்டிக்கிட்டு நின்னா வேற என்ன ஆவும்'னு எங்க மாமியா சொன்னா. முப்பத்தி நாலு வருஷம்."

அன்பழகன் அம்மாவையே பார்த்தான். "என்கிட்ட சொன்னதே இல்லியேம்மா."

"எதைச் சொல்றது?"

சிவரஞ்சனி மெஷின் வயர் ஒட்டியிருந்த வயிற்றோடு புரள முடியாமல் கையை மட்டும் கீழே நீட்டினாள். மாமியார் அந்தக் கையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, நானும் ஒண்ணு சொல்லணும். இன்னிக்குச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். சொல்லிடறேன்."

"சொல்லு."

அவள் சொன்னாள். இடது பக்கத்துக் கண்ணாடி வட்டங்களை. பின் சீட்டிலிருந்து முன் சீட்டின் மேல் வந்து விழுந்தவர்களை. ஆறு ஏர்பேக் இருந்த வண்டியிலும் உயிர் மிஞ்சாமல் போனவர்களை. வரிசையாக, ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி, அழாமல் சொன்னாள்.

"அந்தப் பை தொறந்தா மெத்தைன்னு நினைக்கறீங்க மாமா. கண்ணிமைக்கறதுக்குள்ள வெடிச்சு வரும். பெல்ட்டு நம்மளைப் பின்னால பிடிச்சிருந்தாத்தான் அது மெத்தை. நாம முன்னாடி போய்க்கிட்டிருந்தோம்னா அது அடி. இன்னிக்கு இடிச்சிருந்தா, நானும் வயித்துல இருக்கறதும் அதுக்கு நேர் எதிர்லதான் போயிருப்போம்."

"போதும்டி" என்றாள் சிந்தாமணி.

"சொல்லட்டும் அண்ணி" என்றாள் செல்வம்மாள்.

நாலரை மணிக்குத்தான் விட்டார்கள். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் செல்வம்மாள் ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"எனக்கு எங்கடா பெல்ட்டு?"

அன்பழகன் பின் சீட்டுப் பட்டையை இழுத்துக் காட்டினான். மாட்டுகிற இடத்தைத் தேடினான். இல்லை. சீட்டு இடுக்கில் விரல் விட்டுப் பார்த்தான். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"வாங்கறப்ப இருந்துச்சும்மா. சீட் கவர் தைச்சவன் உள்ள வச்சு மூடிட்டான் போல."

"மூணு வாரமா உனக்குத் தெரியாது?"

"பின்னாடி யாரும் போடறதில்லியே."

"நாங்க வேணா பஸ்ல வரோம் அண்ணி" என்றாள் சிந்தாமணி மெதுவாக.

"பஸ்ல மட்டும் வச்சிருக்கானா?"

"பன்னெண்டாயிரம் ரூபாய் கவர்மா. கடைக்கே கொண்டுபோய்ப் பிரிச்சு…"

"கிழிடா."

ஆஸ்பத்திரி வாசல் பூக்காரியிடம் கத்தி வாங்கி வந்து தையலை அறுத்தான். கவர் நூல் நூலாகப் பிரிந்தது. அடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், மாட்டுகிற பூட்டு இரண்டும் படுத்துக் கிடந்தன. செல்வம்மாள் உட்கார்ந்து மாட்டப் பார்த்தாள். இரண்டு தடவை தவறியது. சிந்தாமணி எட்டிப் பிடித்து மாட்டிவிட்டாள். "இறுக்குது" என்றாள் செல்வம்மாள். கழற்றச் சொல்லவில்லை.

விக்கிரமங்கலத்துக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. டிப்பர்கள் சாயங்கால லோடுக்குக் கிளம்பியிருந்தன. அன்பழகன் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின. செல்வம்மாள் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் கேட்டாள்.

"அசையுதா தாயி?"

"அசையுது அத்தை."

ஒரு பாலம் போனது.

"இப்ப?"

"இப்பத்தானே கேட்டீங்க?"

"கேட்டேன். இப்ப அசையுதா?"

"அசையுது."

ரோடு வளைந்தது. எதிரே தூசி.

"டேய், முன்னாடி லாரி நிக்குது."

"ஓடுதும்மா. நிக்கல."

"காலையிலயும் ஓடுதுன்னுதானே நினைச்ச? மெதுவாக்கு."

அவன் மெதுவாக்கினான். தூசி வந்து கண்ணாடியை மூடியது. சிவரஞ்சனி இரண்டு கையாலும் மேல் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அது விலகுவதற்காகக் காத்திருந்தார்கள்.